இரு நாடுகள் வாங்கிய காகிதம்

செய்தித்தாளில் ஆயிரம் செய்திகள் இருக்கின்றன. ஆனால் அந்தச் செய்திகளைச் சுமந்து வரும் காகிதத்திற்கும் ஒரு செய்தி உண்டு. அது எந்தக் காட்டில் மரமாக நின்றது? எந்தத் துறைமுகத்தில் இறங்கியது? ஒரு நாடு ஆண்டுக்கு எத்தனை டன் செய்தித்தாள் காகிதத்தை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது? இந்த ஓர் எண்ணைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து எழுதி, இன்னொரு நாட்டின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருளாதாரமும் அறிவியலும் வரலாறும் ஒன்றாகத் தலைகாட்டுவதைக் காணலாம்.

நாம் எடுத்துக்கொள்ளப்போகும் நாடுகள் இரண்டு: அமெரிக்க ஐக்கிய நாடுகளும் இந்தியாவும். ஒன்று, உலகிலேயே மிக அதிகமாகச் செய்தித்தாள் காகிதத்தைத் தீர்த்த நாடு. மற்றொன்று, நெடுங்காலம் காகிதத்தை அளந்து அளந்து பங்கிட்டுக்கொடுத்த நாடு. இவ்விரண்டையும் சரியாக ஒப்பிடுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது எப்படிப்பட்ட காகிதம்?

அச்சுத் தொழிலில் இதை 'நியூஸ்பிரிண்ட்' என்பார்கள். உங்கள் நோட்டுப் புத்தகத் தாளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நோட்டுத் தாளுக்கான கூழை இரசாயனப் பொருள்களில் வேகவைத்து எடுக்கிறார்கள். மரத்திலுள்ள லிக்னின் என்னும் பசை போன்ற பொருள் அதில் பெரும்பாலும் நீங்கிவிடும். நியூஸ்பிரிண்ட் அப்படியன்று. மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்குகிறார்கள். லிக்னின் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் பழைய செய்தித்தாள் வெயிலில் கிடந்தால் சில நாள்களில் மஞ்சளாகிவிடுகிறது.

மரத்தை அரைத்துக் காகிதம் செய்யும் முறையை 1844இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த கெல்லர் என்பவர் கண்டார். ஏறத்தாழ அதே நேரத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஃபெனர்ட்டி என்பவரும் மரக்கூழில் காகிதம் செய்து காட்டினார். அதற்கு முன்பு காகிதத்திற்குக் கந்தல் துணியே முக்கிய மூலப்பொருள். கந்தலுக்கு ஓர் எல்லை உண்டு. காடுகளோ அன்று எல்லையற்றவையாகத் தோன்றின. காகிதம் மலிந்தது. காசுக்கு ஒரு பத்திரிகை என்ற நிலை வந்தது.

இக்காகிதம் செய்ய இரண்டு பொருள்கள் தாராளமாக வேண்டும். முதலாவது, நீண்ட நாரிழை கொண்ட ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரம். சுழல் அச்சு இயந்திரத்தில் காகித உருளை மிக வேகமாக ஓடும்போது அறுந்துவிடாமல் இருக்க அந்த நீண்ட இழைகளே காப்பு. இரண்டாவது, மின்சாரம். மரத்தை அரைப்பது வேலை. வேலைக்கு ஆற்றல் வேண்டும். ஒரு டன் கூழ் அரைக்க 2,000 யூனிட் மின்சாரம் செலவாவது சாதாரணம். குளிர்நாட்டுக் காடும், மலையருவி மின்சாரமும் ஒருங்கே வாய்த்த கனடா இத்தொழிலில் ஓங்கியதற்கு இதுவே காரணம்.

ஒரு டன் என்றால் எத்தனை பிரதி?

பெரிய எண்களைப் பார்க்கும் முன் அவற்றைக் கைக்கடக்கமாக்கிக்கொள்வோம். காகிதத்தின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பது வழக்கம். இன்றைய நியூஸ்பிரிண்ட் 45 கிராம் அளவில் இருக்கும்.

முழு அளவுச் செய்தித்தாளின் ஒரு விரிதாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4 பக்கங்கள். நீளம் சுமார் 70 செ.மீ., அகலம் சுமார் 55 செ.மீ. பரப்பு 0.385 சதுர மீட்டர். எடை 0.385 × 45, அதாவது ஏறத்தாழ 17 கிராம். 16 பக்கப் பத்திரிகையில் 4 விரிதாள்கள். எடை சுமார் 69 கிராம். ஆகவே ஒரு டன் காகிதத்தில் 14,000 பிரதிகளுக்குச் சற்று மேல் அச்சிடலாம். நாள்தோறும் பத்திரிகை வாங்கும் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 25 கிலோ காகிதம் வந்து சேர்கிறது. இந்த 25 கிலோ என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் ஏன் வெளியே வாங்கினார்கள்?

அமெரிக்காவிலும் காடுகள் உண்டு. காகித ஆலைகளும் இருந்தன. ஆனால் பத்திரிகை முதலாளிகளுக்கு மலிவான காகிதம் வேண்டியிருந்தது. 1913ஆம் ஆண்டுச் சட்டம் நியூஸ்பிரிண்டுக்கு இறக்குமதி வரியை முற்றிலும் நீக்கியது. கனடாக் காகிதம் எல்லை தாண்டி வந்து குவிந்தது. 1926இல் நியூஸ்பிரிண்ட் உற்பத்தியில் கனடா அமெரிக்காவையே முந்திவிட்டது. அமெரிக்கர்களும் சும்மா இருக்கவில்லை. தெற்கு மாநிலங்களில் விரைவாக வளரும் பைன் மரத்தில் பிசின் அதிகம், நியூஸ்பிரிண்டுக்கு ஆகாது என்றிருந்த எண்ணத்தை சார்லஸ் ஹெர்ட்டி என்னும் வேதியியலர் 1930களில் ஆராய்ந்து மாற்றினார். 1940இல் டெக்சாஸ் மாநிலத்தின் லஃப்கின் நகரில் அவ்வகை மரத்தில் நியூஸ்பிரிண்ட் செய்யும் ஆலை ஓடத் தொடங்கியது. ஆயினும் தேவையில் பாதிக்கு மேல் கனடாவே கொடுத்து வந்தது.

இந்தியாவின் நிலை வேறு. நம்மிடம் ஊசியிலைக் காடுகள் இமயமலைச் சரிவுகளில்தான் உள்ளன. அங்கிருந்து மரத்தை வெட்டி இறக்குவது கடினம். வெட்டினால் மலைக்கும் கேடு. விடுதலை பெற்றபோது இந்நாட்டில் நியூஸ்பிரிண்ட் ஆலையே இல்லை. மத்தியப் பிரதேசத்தின் நேபாநகரில் அமைந்த நேபா ஆலை 1955இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் திறன் ஆண்டுக்கு 30,000 டன். சலாய் மரமும் மூங்கிலும் அதன் மூலப்பொருள்கள். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் நாட்டின் ஒரே நியூஸ்பிரிண்ட் ஆலை அதுதான். மீதித் தேவைக்கு அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கியாக வேண்டும். செலாவணியோ அரிது. ஆகவே 1962இல் நியூஸ்பிரிண்ட் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் இவ்வளவுதான் என்று ஒதுக்கீடு செய்யப்பட்டது. 1972–73ஆம் ஆண்டுக் கொள்கை, பத்திரிகைகள் 10 பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என்றது. இது பேச்சுரிமையைக் குறுக்குகிறது என்று பத்திரிகைகள் வழக்குத் தொடர்ந்தன. 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பக்க வரம்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. டன் கணக்கு, அரசியல் சட்டக் கணக்காக மாறிய கதை இது!

1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. கர்நாடகத்தில் பத்ராவதி, கேரளத்தில் வெள்ளூர், தமிழ்நாட்டில் புகழூர் ஆகிய இடங்களில் புதிய ஆலைகள் எழுந்தன. புகழூர் ஆலையின் சிறப்பு, மரத்துக்குப் பதிலாகக் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது. பைன் மரத்தில் ஹெர்ட்டி கண்டதும், சக்கையில் நம்மவர்கள் செய்ததும் ஒரே வகை முயற்சிதான். இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதைக் கொண்டு செய்து பார்ப்பது.

இரண்டு கோடுகள்

இப்போது எண்களுக்கு வருவோம். இவை முழுமையாக்கிய எண்கள். 64.7 என்றோ 66.1 என்றோ சொல்வதைவிட '65 அளவில்' என்று சொல்வதே இங்குப் பொருத்தம். முடிவு எதுவும் மாறிவிடாது.

1980ஐ ஒட்டி
அமெரிக்காவின் இறக்குமதி: சுமார் 65 இலட்சம் டன்
இந்தியாவின் இறக்குமதி: சுமார் 3 இலட்சம் டன்

2017ஐ ஒட்டி
அமெரிக்காவின் இறக்குமதி: சுமார் 15 இலட்சம் டன்
இந்தியாவின் இறக்குமதி: சுமார் 14 இலட்சம் டன்

முதலில் 20 மடங்குக்கு மேல் வேறுபாடு. 37 ஆண்டுகளில் இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்! அமெரிக்கக் கோடு 1980களின் பிற்பகுதியில் 80 இலட்சம் டன் வரை ஏறியது. 2000ஆம் ஆண்டில்கூட 65 இலட்சத்துக்கும் 70 இலட்சத்துக்கும் இடையில் நின்றது. அதன்பின் செங்குத்தாகச் சரிந்தது. வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின, வாசகர்களும் பின்தொடர்ந்தனர். இந்தியக் கோடு இதற்கு நேர்மாறாக ஏறிக்கொண்டிருந்தது. 1981இல் 44 விழுக்காட்டை எட்டாத எழுத்தறிவு 2011இல் 74 விழுக்காடாயிற்று. புதிதாக எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் புதிதாகப் பத்திரிகை வாங்கினார்கள். 1995இல் இறக்குமதிக் கட்டுப்பாடும் தளர்ந்தது.

'அப்படியானால் 2017இல் இந்தியர்களும் அமெரிக்கர்களும் சமமாகப் பத்திரிகை படித்தார்கள்' என்று சொல்லலாமா? அவசரப்படக் கூடாது.

தலைக்கு எவ்வளவு?

ஒரு பானைச் சோற்றை 4 பேருக்குப் போடுவதும் 16 பேருக்குப் போடுவதும் ஒன்றல்லவே! டன்னை மக்கள்தொகையால் வகுக்க வேண்டும்.

1980இல் அமெரிக்க மக்கள்தொகை ஏறத்தாழ 22.7 கோடி, 65 இலட்சம் டன்னை வகுத்தால் தலைக்கு 29 கிலோ. இந்தியாவில் 68 கோடிப் பேர். தலைக்கு 440 கிராம். முன்பு 20 மடங்கு எனத் தோன்றிய வேறுபாடு இங்கு 65 மடங்காகிறது. ஓர் அமெரிக்கருக்கு, இறக்குமதியை மட்டும் கணக்கிட்டாலே, ஒரு வீட்டின் ஓராண்டுப் பத்திரிகைக்கு வேண்டிய காகிதத்துக்கும் மேல் கிடைத்தது. ஓர் இந்தியருக்கு ஆண்டு முழுவதற்கும் 6 பிரதிகள்!

2017இல் அமெரிக்கா 32.5 கோடி, இந்தியா 134 கோடி. தலைக்கு முறையே 4.6 கிலோ, 1 கிலோ. இறக்குமதி சமமானாலும் தலைக்கு நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு நிற்கிறது. ஒரே எண்ணை இரண்டு விதமாக வகுத்ததும் இரண்டு கதைகள் கிடைக்கின்றன. இரண்டும் உண்மைதான். கப்பல்காரருக்கு மொத்த டன் வேண்டும். மக்களின் நிலையை அறிய விரும்புவோருக்குத் தலைக் கணக்கு வேண்டும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்த பிறகே வகுத்தலைத் தொடங்க வேண்டும்.

மடக்கை வரைதாள்

சாதாரண வரைதாளில் 80 இலட்சம் டன்னுக்கு 10 செ.மீ. உயரம் கொடுத்தால், 1980இன் இந்தியா 4 மில்லிமீட்டர் உயரத்தில், அச்சோடு அச்சாக ஒட்டிக் கிடக்கும். 3 இலட்சம் 6 இலட்சமாக இரட்டித்தாலும் கண்ணில் படாது. இதற்கு இயற்பியலர்கள் கையாளும் உபாயம், செங்குத்து அச்சை மடக்கை அளவில் அமைப்பது. அதில் 1 முதல் 10 வரையுள்ள தூரமும் 10 முதல் 100 வரையுள்ள தூரமும் சமம். இரட்டித்தல் எங்கு நடந்தாலும் ஒரே உயரம்தான் ஏறும். அங்கே இந்தியாவின் ஏற்றம் அமெரிக்காவின் இறக்கத்துக்கு ஈடாகத் தெளிவாகத் தெரியும்.

இத்தாளில் இன்னொரு வசதியும் உண்டு. கதிரியக்கப் பாடத்தில் 'அரை ஆயுட்காலம்' படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் இறக்குமதி 2000இல் 68 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், பாதி 34, அதில் பாதி 17, 2017இல் 15. ஆக 17 ஆண்டுகளில் இரண்டு முறை பாதியாகி, அதற்கும் சற்றுக் கீழே போயிருக்கிறது. அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 8 ஆண்டுகள். இந்தியாவுக்கு 3, 6, 12 என்று இரண்டு முறை இரட்டித்து 14. இதற்கு 37 ஆண்டுகள். இரட்டிக்கும் காலம் 16 அல்லது 17 ஆண்டுகள். ஏறியதைவிட இறங்கியது இரு மடங்கு வேகத்தில் என்பது இவ்வாறு ஒரே பார்வையில் விளங்குகிறது.

கவனிக்க வேண்டிய குழிகள்

ஒப்பிடும் வழியில் சில குழிகள் உண்டு.

முதலாவது, அலகு. அமெரிக்காவின் பழைய புள்ளிவிவரங்களில் உள்ள 'டன்' 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, 1,016 கிலோ. நமது மெட்ரிக் டன் 1,000 கிலோ. பார்க்காமல் கலந்தால் 12 விழுக்காடு வரை பிழை நேரும்.

இரண்டாவது, ஆண்டு. நமது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அமெரிக்க வாணிபப் புள்ளிகள் சனவரியில் தொடங்குகின்றன. வேகமாக மாறும் காலத்தில் மூன்று மாத இடைவெளியும் பொருட்படுத்தத் தக்கதே.

மூன்றாவது, காகிதத்தின் கனம். முன்பு 48.8 கிராம் காகிதம் பரவலாக இருந்தது. 42 கிராம் காகிதத்துக்கு மாறினால், ஒரு வரி செய்திகூடக் குறையாமல் டன் கணக்கு 14 விழுக்காடு குறையும். பக்கத்தின் அகலமும் அப்படியே. 2007 சனவரியில் அமெரிக்காவின் 'வால் ஸ்டிரீட் ஜர்னல்' தன் பக்க அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 12 அங்குலமாகக் குறைத்தது. காகிதம் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். வாசகர் ஒருவர்கூடக் குறைய வேண்டியதில்லை.

நான்காவது குழியே மிக ஆழமானது: மறைந்திருக்கும் இறக்குமதி. 2010களின் பிற்பகுதியில் இந்தியாவின் தேவை சுமார் 25 இலட்சம் டன். உள்நாட்டு ஆலைகள் சுமார் 10 இலட்சம் டன் கொடுத்தன. அந்தக் காகிதம் எதிலிருந்து வந்தது? பெரும்பாலும் பழைய காகிதத்தைக் கரைத்து, மையைக் களைந்து எடுத்த கூழிலிருந்து. அந்தப் பழைய காகிதத்திலும் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து, அமெரிக்காவிலிருந்தும்கூட, கப்பலேறி வந்தது. கனடாவில் மரமாக இருந்து, அமெரிக்காவில் செய்தித்தாளாகி, இந்தியாவில் மீண்டும் செய்தித்தாளாகும் இழைகள் உண்டு! சுங்கப் பதிவேட்டில் அது 'கழிவுக் காகிதம்' என்ற தலைப்பில் போய்விடும். நியூஸ்பிரிண்ட் கணக்கில் வராது.

வரி போட்டால் என்ன ஆகும்?

இரு நாடுகளும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் ஒரே சோதனையைச் செய்து பார்த்தன. அமெரிக்காவில் ஒரு காகித ஆலையின் முறையீட்டின்பேரில் 2018 தொடக்கத்தில் கனடாக் காகிதத்துக்குத் தற்காலிக வரி விதிக்கப்பட்டது. சில நிறுவனங்களுக்கு அது 30 விழுக்காடு அளவுக்குப் போனது. சிறு பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு வாணிப ஆணையம், உள்நாட்டுத் தொழிலுக்குக் கேடு விளைந்ததாக நிறுவப்படவில்லை என்று ஒருமனதாக முடிவு செய்ய, வரி நீங்கியது. இந்தியாவில் 2019 சூலை வரவு செலவுத் திட்டத்தில் நியூஸ்பிரிண்டுக்கு 10 விழுக்காடு சுங்க வரி வந்தது. 2020 பிப்ரவரியில் அது 5 விழுக்காடாகக் குறைந்தது.

ஆலைத் தொழிலாளியின் வேலை ஒரு தட்டில். பத்திரிகையின் விலை மறு தட்டில். இரண்டும் மெய்யான சுமைகள். இறக்குமதி டன் என்ற ஒற்றை எண், எந்தத் தட்டு கனமானது என்பதைத் தானாகச் சொல்லாது.

கோட்டை நீட்டலாமா?

2017இல் நின்று கொண்டு இந்தியக் கோட்டை அதே சாய்வில் நீட்டியிருந்தால், 2034இல் 28 இலட்சம் டன் என்று வந்திருக்கும். நடந்தது என்ன? 2020இல் கொரோனாத் தொற்று வந்தது. பத்திரிகை வீடு தேடி வருவதே பல இடங்களில் நின்றது. இந்தியாவின் இறக்குமதி சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதியாயிற்று. 2022இல் ருஷ்ய–உக்ரேன் போர் மூண்டதும், ருஷ்யாவிலிருந்து பெரும்பங்கு வாங்கிக்கொண்டிருந்த நமக்கு இடி மீது இடி. 2020இல் இருந்த விலை இரு மடங்கைத் தாண்டியது. இங்கு ஒரு நுட்பம்: டன் பாதியாகி, விலை இரட்டித்தால், செலவிடும் பணம் மாறுவதில்லை. பண மதிப்பை மட்டும் வரைந்தவருக்கு எதுவுமே நடவாதது போலத் தோன்றும்! அளவையும் மதிப்பையும் தனித்தனியே வரைவது இதனால்தான் அவசியம்.

கதிரியக்க அணுவுக்கு அரை ஆயுட்காலம் மாறாதது. வெயிலோ மழையோ போரோ அதைத் தொடாது. மனிதர் வாங்கும் பொருளுக்கு அப்படி ஒரு மாறிலி கிடையாது. கடந்து போனதை விவரிக்க நமது சூத்திரம் உதவும். வரப்போவதற்கு அது உறுதி தராது.

இது வெறும் வரைபடப் பாடம் அன்று. அண்டை நாடான இலங்கையில் 2022 மார்ச்சில் அந்நியச் செலாவணி வற்றிப்போனது. காகிதம் இறக்குமதி செய்யப் பணமில்லை. 'தி ஐலண்ட்' ஆங்கில நாளிதழும் 'திவயின' சிங்கள நாளிதழும் தங்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தி, இணையத்தில் மட்டும் வெளியிட்டன. மேல் மாகாணப் பள்ளிகளில் வினாத்தாள் அச்சிடக் காகிதமின்றித் தவணைத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. நன்றாகப் படித்துவிட்டுத் தேர்வுக்குக் காத்திருந்த மாணவனின் மேசை வரை வந்து நின்றது அந்த இறக்குமதிக் கோடு. அந்த ஆண்டின் டன் கணக்கில் அவன் காத்திருப்பு ஒரு சிறு பள்ளமாக மட்டுமே தெரியும். வரைபடத்தில் பள்ளம் கண்டால், அதற்குள் யார் விழுந்தார்கள் என்றும் கேட்கப் பழகுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஊரில் கிடைக்கும் செய்தித்தாளின் 20 விரிதாள்களைக் கடைத் தராசில் எடை போடுங்கள். ஒரு தாளின் நீள அகலத்தை அளந்து பரப்பைக் காணுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? விடை 40க்கும் 50க்கும் இடையில் வரவேண்டும். 10 ஆண்டுகளுக்கு முந்தைய தாள் கிடைத்தால் அதையும் எடை போட்டு ஒப்பிடுங்கள்.

2. ஒரு நாளிதழ் 48.8 கிராம் காகிதத்திலிருந்து 45 கிராமுக்கு மாறுகிறது. பக்கங்களை 16இலிருந்து 18ஆக உயர்த்துகிறது. அதன் காகிதத் தேவை கூடுமா, குறையுமா? (விடை: சுமார் 4 விழுக்காடு கூடும்.)

3. ஒரு நாட்டின் இறக்குமதி 10 ஆண்டுகளில் 20 விழுக்காடு உயர்ந்தது. மக்கள்தொகையும் 20 விழுக்காடு உயர்ந்தது. 'அந்நாட்டில் வாசிப்பு வளர்ந்துள்ளது' என்று ஒருவர் எழுதுகிறார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எவை? குறைந்தது மூன்றை எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.